மேகத்துக்குள் போன டிராகன்

கொரியாவுக்கு அப்பால், எந்த வரைபடத்திலும் ஏறாத வெண்சூளை நாட்டில் ஓட்டுச்சீட்டு கிடையாது, கிண்ணம்தான். கொரியக் குயவர்கள் கற்றுக்கொடுத்தபடி வெள்ளைப் பீங்கானில் நீலத்தால் வரைந்து, பளபளப்புப் பூச்சில் முக்கிச் சூளையில் வைப்பார்கள். மன்னருக்கு டிராகன், எதிராளிக்குக் கெண்டை மீன். சூளை திறக்கும் நாளே முடிவு நாள். அதைப்போல் ஒரு திருவிழா எங்கும் கிடையாது என்று அடித்துச் சொல்வேன்.

போன முறை மயிரிழையில் தப்பிய மன்னர் தோங்வு, இம்முறை ஆணையிட்டார்: நீலம் டிராகனுக்கு மட்டும். மீன் வேண்டுவோர் செம்மண்ணால் வரையலாம்.

"வரையும் உரிமையில் அரசு கைவைக்கவில்லை. நிறத்தில் மட்டுமே வைத்திருக்கிறது," என்று விளக்கினார் அமைச்சர் பே.

கடல் கடந்து வரும் நீலத்துக்காக வீட்டுக்கு ஒரு மூட்டை அரிசி வரி என்றது அடுத்த ஆணை. வெற்றுக் கிண்ணம் செல்லாது என்றது அதற்கடுத்தது. கிம்ச்சி ஊறுகாய் ஜாடியில் நீல மீன் வரைந்த சூளைக்காரன் மன்சோக் சிறைக்குப் போனான். மீன் ஜெயித்தால்தான் அவனுக்கு விடுதலை. அவன் மனைவி ஒக்தான் பயப்படாமல் செம்மண் மீன் வரைந்தாள். மற்றவர்கள், பின்னால் நின்ற ஈட்டிகளைப் பார்த்துவிட்டு டிராகன் வரைந்தார்கள்.

சூளை திறந்தது. ஊரே எட்டிப் பார்த்தது. அடுக்கடுக்காக வெறும் வெள்ளைக் கிண்ணங்கள், நடுவில் சில பழுப்பு மீன்கள். ஒரு டிராகனைக்கூடக் காணோம். அமைச்சரின் மைத்துனர் நீலத்தைத் துறைமுகத்திலேயே விற்றுவிட்டுக் கரித்தூளை அனுப்பியிருந்தார். சூளைக்குப் போகும்வரை இரண்டும் ஒரே கறுப்புத்தான்; சுட்டால்தான் நீலம் தெரியும். தீயில் கரி எரிந்துபோய்விட்டது.

மீன் ஜெயித்துவிட்டது. ஒக்தானுக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

அமைச்சர் தொண்டையைச் செருமினார். "டிராகன் மேகத்துக்குள் போயிருக்கிறது. மேகம் வெண்மை. எண்ணுங்கள்."

எண்ணினார்கள். மன்னர் வரலாறு காணாத வெற்றி பெற்றார்.

மறுநாள் வரி மண்டபத்தில் ஒக்தான் காலி மூட்டையை உதறிப் போட்டாள். "அரிசி மேகத்துக்குள்ள போயிருக்குங்க ஐயா. எண்ணிக்கோங்க."

அவள் பின்னால் ஊரே காலி மூட்டையோடு நின்றது. மேகத்தில் ஒன்றுமில்லை என்று சொன்னால் மன்னரின் வெற்றியும் போய்விடும். வரி அதிகாரி எல்லாவற்றையும் வரவு வைத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் மன்சோக் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். சிறையில் அமைச்சர் திறந்துகிடந்த அறையைக் காட்டிக் கைதி எங்கே என்று கேட்டார்.

"உள்ளேதான் இருக்கான் ஐயா," என்றார் காவலர், மிகுந்த பணிவோடு. "மேகமா இருக்கு, அதான் தெரியல."