ஹோன் காக்காவின் ஒரே இரகசியம்

நடந்ததை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1. ஹோன் காக்கா தன் வாழ்நாளில் ஒரேயொரு இரகசியத்தைக் காப்பாற்றினார்.
2. அதைத் தன்னிடமிருந்தும் காப்பாற்றிவிட்டார். அதாவது, மறந்துவிட்டார்.
3. மறந்த செய்தியை ஒலிபெருக்கி கட்டி ஊருக்கு அறிவித்தார்.
4. ஊர் ஆளுக்கொரு கடவுச்சொல்லோடு வந்து நின்றது.
5. ஒன்றும் பொருந்தவில்லை.
6. ஒரு கறுத்தக் கிடா. அதை அதன் இடத்தில் சொல்கிறேன்.

சாய்ந்தமருதில் ஹோன் காக்காவின் வாயில் விழாமல் எதுவும் தொலைந்ததில்லை, யாரும் மௌத்தாகி அடக்கமானதுமில்லை. ஓட்டோவின் கூரையில் இரண்டு ஹோன் ஸ்பீக்கர், இடது கையில் மைக், வலது கையில் ஹாண்டில். இதுதான் அவர். சொந்தப் பெயர் அடையாள அட்டையில் மட்டும் இருந்தது. காக்கா என்றால் எங்கள் பக்கத்தில் அண்ணன்; என் வாப்பாவும் அவரைக் காக்கா என்பார், நானும் காக்கா என்பேன், பாலர் பாடசாலைப் பிள்ளைகளும் காக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்.

அவர் எதையும் எழுதி வைப்பதில்லை. அறிவிக்க வேண்டியதை ஒரு தரம் காதால் கேட்பார், ஓட்டோவைக் கிளப்புவார், வீதி திரும்பத் திரும்பச் சொற்கள் தானாக வரும். வேலை முடிந்ததும் அத்தனையும் மறந்துபோகும். கேட்டால், "அடுத்த அறிவித்தலுக்கு மண்டையில இடம் வேணுமே புள்ள" என்பார்.

மறைக்கத் தெரியாத மனிதர். ஒருமுறை ஓய்வு பெற்ற பாடசாலை அதிபர் ஒருவரின் பல் செட்டு கடற்கரையில் தொலைந்தது. பெயர் மட்டும் சொல்ல வேண்டாமென்று அதிபர் கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டார். காக்கா வாக்குத் தவறவில்லை. "தன் பெயரைச் சொல்ல விரும்பாத, மீன் சந்தைக்குப் பின்னால் பச்சைக் கேற் வீட்டில் வசிக்கின்ற, எங்கள் மதிப்புக்குரிய முன்னாள் அதிபர் அவர்களின் பல் செட்டு..." என்று மருதமுனை எல்லை வரை போய் வந்தார். பல் செட்டு கிடைத்தது. அதிபர் பல மாதம் பச்சைக் கேற்றைத் திறக்கவில்லை.

வங்கி அட்டையின் இரகசிய எண்ணும் அப்படித்தான். மெஷினுக்கு முன்னால் நின்றுகொண்டு, வரிசையைத் திரும்பிப் பார்த்து, "தம்பிமாரே, என்ட நம்பர் என்ன?" என்பார். யாராவது ஒருவர் சொல்லுவார். அவர் கணக்கில் ஒரு சதம் குறைந்ததில்லை. கணினிப் பாதுகாப்பைப் பாடமாகப் படித்தவள் நான். இந்த முறைமை எந்தப் பாடத்திலும் இல்லை.

இப்படிப்பட்டவருக்குத்தான் துபாயில் இருக்கும் அவருடைய மருமகன், தங்கச்சியின் மகன், சில வருடங்களுக்கு முன்பு போனிலேயே ஒரு கிரிப்டோ வொலட், அதாவது இணையப் பணப்பை, திறந்து கொடுத்து, காக்காவின் சேமிப்பில் கொஞ்சத்தை அதில் போட வைத்தார். திறக்கும்போது ஒரு எச்சரிக்கையும் சொன்னார்.

"மாமா, இந்தப் பாஸ்வேர்ட்ட ஒருத்தருக்கும் சொல்லப்போடாது. மாமிக்கும் சொல்லப்போடாது. மறந்தா அவ்வளவுதான், மெனேஜர்ட்டப் போய்க் கதைக்க இதுக்கு பேங்க் இல்ல."

காக்கா சொல்லவில்லை. ஒருவருக்கும் சொல்லாததால் ஒருவருக்கும் தெரியவில்லை. அந்த ஒருவரில் அவரும் சேர்ந்துவிட்டார்.

இளைய மகள் நஸ்ரினுக்கு இறக்காமத்தில் மாப்பிள்ளை சரிவந்தபோதுதான் அது வெளியே வந்தது. எங்கள் பக்கத்தில் மகளுக்கு வீடு கட்டாமல் நிக்காஹ் இல்லை. வீட்டுக்குச் சுவர் எழும்பிவிட்டது, கூரை இல்லை. கூரை "டெலிபோனுக்குள்ள இரிக்கு" என்று காக்கா சம்பந்தியிடம் சொல்லியிருந்தார். ஊரிடமும் மைக்கில் சொல்லியிருந்தார். வயலில் வேளாண்மை வெட்டியதும் நிக்காஹ். சம்பந்தி வந்து, சுவர்களுக்கு நடுவில் நின்று வானத்தைப் பார்த்தார்.

"காக்கா, எங்கட வயலில யானைக் காவல் பரண் இரிக்கி. அதுக்கே கூரை இரிக்கி."

அவ்வளவுதான் சொன்னார். நஸ்ரின் உள்ளே போனவள் அன்று வெளியே வரவில்லை.

விடுமுறையில் கொழும்பிலிருந்து வந்திருந்த என்னைக் கூப்பிட்டார்கள். பழைய போன், கண்ணாடி வெடித்தது. வொலட் உள்ளே பத்திரமாக இருந்தது, பூட்டோடு. அதன் கோப்பை என் மடிக்கணினியில் பிரதி எடுத்தேன். அங்கே எத்தனை தரம் பிழையாகப் போட்டாலும் பாதகமில்லை. சொற்களைக் கொடுத்தால், எப்படியெல்லாம் எழுதலாமோ அப்படியெல்லாம் கணினி மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கும். சொற்கள்தான் வேண்டும்.

"காக்கா, உங்களுக்கு விருப்பமான பேர் சொல்லுங்க."

"ஊரிலரிக்கிற எல்லாப் பேரும் விருப்பம்தான் புள்ள."

மனைவி பெயர், பிள்ளைகள் பெயர், ஓட்டோ நம்பர், பள்ளிவாசல், மீன் வகைகள். எதுவும் திறக்கவில்லை.

நஸ்ரின் கதவடியிலிருந்து கேட்டாள்: "வாப்பா, என்ட பேரக் கூடப் போடல்லயா?"

"உன்ட பேரு எல்லாருக்கும் தெரியுமே மகள். ரகசியமெல்லவா அது."

அவள் அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் தேநீர் ஊற்றப் போனாள்.

மறுநாள் காலை நான் எழும்புவதற்குள் காக்கா வீதியில் இறங்கிவிட்டார்.

"அன்பான ஊர் மக்களே! காணாமல் போய்விட்டது! ஒரு பாஸ்வேர்ட்! நிறம் தெரியாது. நீளம் தெரியாது. கடைசியாகக் கண்டது துபாய் மருமகன் கதைத்த அன்று. கண்டவர்கள், கேட்டவர்கள், எங்கள் வீட்டில் ஒப்படைக்கவும். கூரை போடவேண்டி இருக்கிறது!"

ஊர் ஒப்படைத்தது. ஒருவர் தன் வீட்டு வைஃபை கடவுச்சொல்லைக் கொண்டுவந்தார், "இதயும் ஒருக்காப் போட்டுப் பாருங்க" என்று. பெரியநீலாவணையிலிருந்து மீன் கொண்டுவரும் அண்ணன் சைக்கிளில் இருந்தபடியே தன் வலைப்படகின் பெயரைச் சொல்லிவிட்டுப் போனார். முன்னாள் அதிபரும் வந்தார்; பல் செட்டு பளபளத்தது.

"தன் பெயரைச் சொல்ல விரும்பாதவன் எண்டு அடிச்சிப் பாருங்க" என்றார். அத்தனை வருடம் காத்திருந்து சொன்ன பதில். சொல்லிவிட்டுத் திருப்தியாகப் போனார்.

எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தேன். அதிபர் சொன்னதையும்.

உச்சி வெயிலில் சுலைஹா மாமி வந்தார். கடற்கரை ஒழுங்கையில் ஆடு வளர்ப்பவர். அவர் கொண்டுவந்தது கடவுச்சொல் அல்ல, கோபம்.

"ஒரு பாஸ்வேர்ட்டுக்கு ஊரெல்லாம் சுத்துறாய். என்ட கிடா காணாமப் போன நேரம் பாதி ஊரோட நிப்பாட்டினியே, நியாயமா காக்கா? ஹஜ்ஜுப் பெருநாளைக்கு அறுக்க, குர்பானுக்கெண்டு நிய்யத்து வச்ச கிடா!"

"எந்தக் கிடா?" என்றார் காக்கா. உண்மையிலேயே ஞாபகமில்லை.

"பாத்தியா! கேள்விய!"

"மாமி, ஏன் பாதியில நிப்பாட்டினாரு?" என்று நான் கேட்டேன். சண்டையைத் தணிக்கத்தான் கேட்டேன்.

"மத்ரஸாக்கு முன்னால ஓட்டோவ நிப்பாட்டிப்போட்டு, போன நோண்டிக்கொண்டு நிண்டான். நான் பின்னால ஓடிப்போய்க் கேக்கன், 'கொஞ்சம் பொறுங்க, துபாய் மருமகன் என்னமோ தொறந்து தாறான்' எண்டான். மறுகா அப்பிடியே வீட்ட போயிட்டான்."

நஸ்ரின் தேநீர்த் தட்டோடு அப்படியே நின்றாள்.

"மாமி," என்றேன், "அண்டைக்குக் காக்கா மைக்கில என்ன சொன்னாரு? ஞாபகம் இரிக்கா?"

ஞாபகமா? சுலைஹா மாமி முந்தானையைச் சரிசெய்துகொண்டு, தொண்டையைச் செருமி, காக்காவின் அதே இழுவையோடு, அதே இடங்களில் மூச்சு விட்டுச் சொன்னார்:

"இடது காது கிழிந்த, கழுத்தில் பச்சைக் கயிறு கட்டிய, சீனி என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கும், கறுத்தக் கிடா ஒன்று..."

காக்காவின் கை மைக் பிடிப்பதுபோல மெல்ல உயர்ந்தது. உதடு அசைந்தது.

"மருமகன் ஒரு பாஸ்வேர்ட் போடுங்க மாமா எண்டான்," என்றார் சின்னக் குரலில். "வாயில நிண்டதப் போட்டன்."

அவர் யாருக்கும் சொல்லாத அந்த இரகசியத்தை, கிடா தொலைந்த அன்று காலையிலிருந்தே பாதி ஊருக்கு இரண்டு ஸ்பீக்கரில் கத்திக்கொண்டு வந்திருக்கிறார்.

மாமியின் சொற்களைக் கணினிக்குக் கொடுத்தேன். நஸ்ரினின் தேநீர் ஆறுவதற்குள் பூட்டுத் திறந்தது. உள்ளே கூரை இருந்தது. கதவு நிலைகளும் இருந்தன. காக்கா "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். நஸ்ரின் என் தோளைக் கட்டிக்கொண்டு அழுதாள். மடிக்கணினியை எட்டிப் பார்த்த சுலைஹா மாமி கேட்டார்:

"கிடா வந்திச்சா?"

காக்கா எழும்பினார். சட்டையை மாற்றினார். ஓட்டோவை எடுத்தார். நானும் மாமியும் பின்னால் ஏறிக்கொண்டோம். நேராக மத்ரஸா வாசலுக்குப் போய், அன்று நிறுத்திய அதே இடத்தில் மைக்கை வாயருகே பிடித்தார்.

"அன்பான ஊர் மக்களே! இடது காது கிழிந்த, கழுத்தில் பச்சைக் கயிறு கட்டிய..."

மிச்சமிருந்த பாதி ஊரையும் சுற்றினார். சில வருடம் பிந்தியிருந்தது, அவ்வளவுதான். கடைகளில் இருந்தவர்கள் எழும்பி நின்று பார்த்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. மாமி எனக்குப் பக்கத்தில் முதுகு நிமிர்த்தி உட்கார்ந்து, ஒவ்வொரு ஒழுங்கைக்குள்ளும் உண்மையாகவே கறுத்தக் கிடாவைத் தேடிக்கொண்டு வந்தார்.

இப்போதைய நிலைமை இது. கூரை போட்டாயிற்று. நிக்காஹ் முடிந்தது, இறக்காமத்துச் சம்பந்தி அண்ணாந்து பார்த்து, "பரணை விட நல்லாத்தான் இரிக்கி" என்றார். சுலைஹா மாமிக்குக் காக்கா ஒரு கிடா வாங்கிக் கொடுத்தார், குர்பானும் நிறைவேறியது. எங்கள் வீட்டுக்கும் இறைச்சிப் பங்கு வந்தது. பழைய சீனி கிடைக்கவில்லை. வொலட்டில் கொஞ்சம் மிச்சமிருக்கிறது. அதற்குப் புதிய கடவுச்சொல் நான்தான் போட்டேன். தனக்குச் சொல்ல வேண்டாமென்று காக்கா கேட்டுக்கொண்டார். அது என்னிடம் இருப்பதை ஊருக்கு அறிவித்தும்விட்டார்.

அதை நான் எங்கும் எழுதி வைக்கவில்லை. கொழும்பில், அலுவலக மேசையில், மறக்காமல் இருக்க அவ்வப்போது மனதுக்குள் சொல்லிப் பார்ப்பேன். ஒரு நாளும் அது என் குரலில் வந்ததில்லை. காக்காவின் குரலில், இரண்டு ஸ்பீக்கரோடுதான் வருகிறது.