மின்மினியும் என் வயிற்றெரிச்சலும்

ஆவடியிலிருந்து பூந்தமல்லி வரைக்கும் சல்லடை போட்டுத் தேடினாலும், செல்லோடு பேசிவிட்டு அது பதில் சொல்லட்டும் என்று காத்திருக்கும் ஆள் மின்மினியைத் தவிர இன்னொருவர் கிடைக்கமாட்டார். செல் என்றால் கைப்பேசி இல்லை. நம் உடம்பு முழுக்க இருக்கிறதே, அந்த உயிரணு.

குமணன்சாவடி தாண்டி ஒரு சின்ன ஆராய்ச்சிக்கூடத்தில் அவனுக்கும் எனக்கும் பக்கத்துப் பக்கத்து மேசை. நான் ஈரோட்டிலிருந்து வந்து முகப்பேரில் வாடகைக்கு இருப்பவன். அவன் சேக்காட்டில் பிறந்து வளர்ந்தவன். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று அவனுக்கு இருந்திருக்க வேண்டும். எங்கள் தலைமை விஞ்ஞானி மேடம்கூட மின்மினி என்றுதான் கூப்பிடுவார்.

வேலை இதுதான். ஒருவகை ஜெல்லிமீனில் பச்சையாக ஒளிரும் புரதம் இருக்கிறது. அதோடு இன்னொரு புரதத்தைப் பக்குவமாக ஒட்டினால், நாம் தேடுகிற மூலக்கூறு அதில் வந்து மாட்டும்போது வெளிச்சம் கூடும். உயிருள்ள செல்லுக்குள் இதை வைத்துவிட்டால், செல்லைக் கொல்லாமலே உள்ளே நடப்பதை நுண்ணோக்கியில் பார்க்கலாம். அவன் தேடியது கால்சியம். நான் தேடியது சர்க்கரை.

அவனுடைய செல்கள் கல்யாண மண்டபம் மாதிரி ஜொலித்தன. என்னுடையவை மின்வெட்டில் மாட்டிய தெரு மாதிரி கிடந்தன. நான் எல்லாவற்றையும் விதிப்படி செய்பவன். அவனோ நுண்ணோக்கியில் கண்ணை வைத்துக்கொண்டு, "இன்னா நைனா, துன்னியா? கால்சியம் வந்துகினு கீது, கொஞ்சம் எரிஞ்சு காட்டு," என்று கெஞ்சுவான். அது எரியும். கூடவே என் வயிறும் எரியும்.

வருஷம் முழுக்கக் கறுப்புச் சட்டைதான் போடுவான். ஒருநாள் நான் துவைத்து மடித்த வெள்ளைச் சட்டையில் நுண்ணோக்கி அறைக்குள் போனேன். நீல வெளிச்சத்தில் என் சட்டை பளபளவென்று மின்னியது.

"மச்சான், உன் சலவைப்பவுடர் என் செல்லை விட ஜாஸ்தி எரியுது. வெளிய நில்லு," என்றான் மின்மினி.

அந்த ஆராய்ச்சிக்கூடத்தில் நான் சம்பந்தப்பட்ட பொருள் ஒன்று ஒளிர்ந்தது அன்றுதான்.

கிறிஸ்துமஸ் வந்தது. ஒளிரும் பாக்டீரியாவை மைபோலத் தொட்டு, கண்ணாடித் தட்டில் ஒரு நட்சத்திரம் வரைந்து வைத்தான். மறுநாள் அது பச்சையாக மின்ன, மேடம் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார். நானும் பொங்கலுக்கு ஒரு கரும்பு வரைந்தேன். பூஞ்சை பிடித்தது. "மச்சான், கரும்புக்குத் தாடி மொளச்சுக்கீது," என்றான், ஆறுதல் சொல்கிற குரலில்.

பெங்களூர்க் கருத்தரங்கில் பேச எங்களிடமிருந்து ஒருவரைக் கூப்பிட்டார்கள். மேடம் அவன் பெயரைக் கொடுத்துவிட்டார். அவனோடு கைகுலுக்கினேன். மனதுக்குள், கடவுளே, அவன் செல்லெல்லாம் அணைந்து போகட்டும் என்று வேண்டினேன்.

புறப்படுவதற்கு முன்னால் ஒத்திகை வைத்தார்கள். வெளியிலிருந்து பெரிய ஆட்கள் வந்து உட்கார்ந்திருந்தார்கள். மின்மினி முதல் படத்தை ஓட்டினான். செல்லின் மேல் கால்சியத்தை ஏற்றுவதற்கான மருந்தை விட்டதும் பச்சை வெளிச்சம் குபீரென்று ஏறியது. எல்லோரும் கைதட்டினார்கள். இரண்டாவது படத்தை ஓட்டினான். அதே மருந்து, அதே வெளிச்சம். இன்னும் பலமாகத் தட்டினார்கள்.

கைதட்டல் ஓயும்வரை காத்திருந்துவிட்டுச் சொன்னான்: "சார், ரெண்டாவது செல்லுல இருக்கற புரதம் கால்சியத்த புடிக்கவே புடிக்காது. புடிக்கிற எடத்த நானே மாத்தி வச்சேன். அதுவும் எரியுதுன்னா இது கால்சியம் இல்ல. மருந்து ஊத்தினா செல்லுக்குள்ள அமிலம் கொறையுது. அமிலம் கொறஞ்சாலே இந்தப் பச்சை பளிச்னு எரியும். நேத்துதான் தெரிஞ்சுது. இத்தினி நாளா நான் காட்டினது தப்பு."

மேடத்தின் முகத்தைப் பார்க்க யாருக்கும் துணிவில்லை. "முதல் படத்தோட நிறுத்தியிருக்கலாமே," என்றார் மெதுவாக.

"நிறுத்தலாம் மேடம். ஆனா பெங்களூர் போயி பொய் சொல்லணும்."

என் வேண்டுதல் பலித்துவிட்டது. ஆனால் துளிகூட இனிக்கவில்லை. ஒருத்தன் தோற்பதைப் பார்த்து அதுவரை நான் பொறாமைப்பட்டதில்லை. அப்படித் தோற்க எனக்கு வராது என்பது அங்கே உட்கார்ந்திருக்கும்போதே தெரிந்தது.

சாயங்காலம் என் மேசைக்கு வந்து உட்கார்ந்தான். "மாமே, உன் புரதத்துக்கும் ஒரு ஜோடி செஞ்சு பாத்தேன், சர்க்கரைய புடிக்காத ஜோடி. அது எரியல. உன்னுது மங்கலாத்தான் எரியுது, ஆனா நெஜமா எரியுது. மேடம்கிட்ட சொல்லிட்டேன். பெங்களூருக்கு நீ போ."

போனேன், பேசினேன். பேசி முடித்ததும் மூன்று பேர் என்னிடம் வந்தார்கள். மூன்று பேரும் கேட்டது, "தன்னோட முடிவு தப்புன்னு தானே சொன்னாராமே, அவர் வரலியா?"

போன வருஷம் வெளிநாட்டில் வேலை கிடைத்து மின்மினி போய்விட்டான். இப்போது பக்கத்து மேசையில் ஒருவர் இருக்கிறார். நேரத்துக்கு வருகிறார், செல்லோடு பேசுவதில்லை, வெள்ளைச் சட்டைதான் போடுகிறார். அவரைப் பார்த்து எனக்கு ஒரு நாள்கூடப் பொறாமை வந்ததில்லை. ஆராய்ச்சிக்கூடத்துக்குக் கிளம்பவே மனம் வரமாட்டேன் என்கிறது.