சந்தனக்கல்லில் தீட்டிய கத்தி

என் வாழ்நாளில் நான் ஒரே ஒரு சவரக்கத்தியைத்தான் தீட்டியிருக்கிறேன். அதுவும் ஒரே ஒரு முறை. அந்த ஒரு முறையில் என் தங்கையின் கல்யாணம் நிற்கப் பார்த்தது. ஒரு மனிதரின் பிழைப்பு போயிற்று. எண்பது வயதில் இதைச் சொல்வதால் யாருக்கும் பிரயோஜனமில்லை. சொல்லாமல் இருந்து அலுத்துவிட்டது, அவ்வளவுதான்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. மயிலாப்பூரில், குளத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி வீடு. ரசாயனத்தில் பி.ஏ. (அந்த நாளில் அதற்கும் பி.ஏ.தான்) தேறி, ஓர் ஆபீசில் குமாஸ்தாவாகச் சேர்ந்திருந்தேன். (எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று நான் நம்பியது அந்த ஆறு மாதம்தான்.) எங்கள் தெருவில் ஆண்கள் தாமாக முகம் வழித்துக்கொள்வதில்லை. கோவிந்தன் என்ற நாவிதர் கொல்லை வாசல் வழியாக வந்து, கிணற்றடியில் உட்கார்ந்து வழித்துவிட்டுப் போவார். அவருக்கும் என் வயதுதான். அந்த நாளில் அவரை 'டா' போட்டுத்தான் கூப்பிட்டோம். இப்போது எழுதும்போது 'அவர்' என்கிறேன். மரியாதை ரொம்பத் தாமதமாக வந்திருக்கிறது.

ஆபீசில் வெள்ளைக்கார துரை தினமும் மழமழவென்ற முகத்துடன் வருவதைப் பார்த்து எனக்கும் ஆசை வந்தது. பழைய சாமான் கடையில் ஒரு சீமைக் கத்தி வாங்கினேன். தந்தப் பிடிக்குள் மடிகிற கத்தி. பார்க்க அழகு. ஆனால் வெண்ணெயை வெட்டுவதற்கே யோசிக்கும். தீட்டியாக வேண்டும்.

கோவிந்தன் தீட்டுவதைப் பார்த்திருக்கிறேன். முதலில் சொரசொரப்பான சிவப்புக் கல். பிறகு, துணியில் சுற்றி வைத்திருக்கும் கறுப்புக் கல். ஏதோ மலைக்கல்; சோப்புக் கட்டி அளவுதான், தொட்டால் பட்டு. நீர் தெளித்து, கத்தியின் முதுகும் விளிம்பும் ஒருசேரக் கல்லில் படும்படி படுக்கவைத்துத் தள்ளுவார். கல் முடிகிற இடத்தில் முதுகின் மேலாகப் புரட்டுவார். கடைசிப் பத்துத் தடவை கையின் அழுத்தமே இராது, கத்தியின் சொந்தக் கனம்தான். முதல் கல் வெட்டுவதற்கு, இரண்டாவது கல் எரியாமல் இருப்பதற்கு என்று ஒருமுறை சொன்னார். மற்றதையெல்லாம் பார்த்தே கற்றுக்கொண்டதாக நான் நினைத்தேன்.

தங்கை செல்லத்துக்கு நிச்சயதார்த்தம் வந்தது. மாப்பிள்ளை வீட்டார், அப்போதுதான் வீடுகள் எழும்பிக்கொண்டிருந்த தியாகராய நகரில் இருந்தார்கள். அதற்குமுன் இரண்டு வரன்கள் கூடிவந்து தட்டிப்போயிருந்ததால் அப்பா பதினைந்து நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. நிச்சயதார்த்தத்துக்கு முதல் நாள் பிற்பகல் கோவிந்தன் வந்து அவருக்கு முகம் வழித்தார். நான் கறுப்புக் கல்லை இரவல் கேட்டேன்.

"கத்தியக் குடுங்க சாமி, நானே தீட்டித் தாரேன். கல்ல மட்டும் கேக்காதீங்க," என்றார்.

"ஏன்டா, நான் தீட்டினா கூர் வராதா?"

"வரும் சாமி. அப்பால அது கத்தியா இருக்காது."

பதினைந்து நாளில் அப்பா சிரித்தது அந்த ஒரு முறைதான். அதுவும் என்னைப் பார்த்து.

கோவிந்தன் போனதும் யோசித்தேன். நயமான மலைக்கல் வேண்டும், பல வருஷம் தேய்ந்து வழவழப்பானதாக இருக்க வேண்டும். அப்படி ஒன்று எங்கள் பூஜை அறையிலேயே இருந்தது, சந்தனம் அரைக்கிற கல். (ஆசாரமானவர்கள் இத்துடன் படிப்பதை நிறுத்திக்கொள்ளலாம்.) முகம் வழிக்கிற கத்தியைக் கூடத்துக்குள் கொண்டுவரவே கூடாது என்கிற வீடு எங்களுடையது. நான் சுவாமியின் கல்லைக் கிணற்றடிக்குக் கொண்டுபோய் அதில் கத்தியை வைத்தேன். தண்ணீருக்குப் பதில் விளக்கெண்ணெய் விட்டேன்; அது ரசாயனப் பட்டதாரியின் சொந்த அபிவிருத்தி. முதுகைத் தூக்கிப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினேன். இரும்புத் தூள் எண்ணெயில் குழைந்து கறுப்பாக மை போல வழிந்தது. கூர் ஏறுகிறது என்று பூரித்துப்போனேன். பிறகு அவசரமாகக் கல்லைக் கழுவி அங்கேயே காயவைத்துவிட்டு, மோவாயில் மூன்று இடத்தில் வெட்டிக்கொண்டேன்.

மறுநாள் விடியலில் அத்தை அந்தக் கல்லை எடுத்துப்போய் சந்தனம் அரைத்தாள். அத்தைக்கு இரண்டு கண்ணிலும் புரை. வெள்ளிக் கிண்ணத்தில் சந்தனம் சற்று நிறம் அடர்ந்து இருந்ததைப் பார்த்த மாப்பிள்ளையின் தகப்பனார், குங்குமப்பூவைத் தாராளமாகப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்திருக்க வேண்டும். அவரும் தாராளமான உடம்புக்காரர். மேல்துண்டை எடுத்துவிட்டுக் கை, மார்பு, தொப்பை எங்கும் பூசிக்கொண்டார். காயக் காய அது கறுத்தது. லக்னப் பத்திரிகையைப் பாதி வாசிப்பதற்குள் அவர் கரி மூட்டை சுமந்தவர் போல ஆகிவிட்டார்.

அவருடைய மனைவிதான் முதலில் கவனித்தாள். "நல்ல நாளும் அதுவுமா கறுப்பைப் பூசி உக்காத்தி வெச்சிருக்கா. எழுந்திருங்கோ, நம்மாத்துக்குப் போலாம்," என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். அறைக்குள் செல்லம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றது எனக்குத் தெரிந்தது.

கல்லை யார் தொட்டது என்று அப்பா கேட்டார். அத்தை, கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமல் சொன்னாள்: "நேத்திக்கு கிணத்தடியில கல்லும் கத்தியுமா கோவிந்தன்தானே உக்காந்துண்டிருந்தான்?"

மாப்பிள்ளையின் தகப்பனார் முகம் தெளிந்தது. செய்தவன் ஒருவன் இருந்தால் அது அபசகுனம் ஆகாது. கூடத்தில் எல்லாரும், முதல் நாள் நான் கல் கேட்டபோது சிரித்த அப்பா உட்பட, அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். 'நான்தான்' என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் செல்லத்தின் வரன் போய்விடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் அப்பாவின் கைக்குப் பயந்தேன்.

கோவிந்தனைக் கூட்டிவந்து கொல்லை வாசலில் நிறுத்தினார்கள். அப்பா கல்லை அவர் முன்னால் போட்டார். கோவிந்தன் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"இது என் கை இல்ல சாமி. முதுகத் தூக்கிப் புடிச்சு இழுத்துக்கீறாங்க. கல்லு பூரா கோடு. நான் தீட்டினா கோடு வுழாது."

சுவாமி கல்லைத் தொட்டதாகச் சொன்னதைவிட, இப்படித் தீட்டுகிறவன் என்று நினைத்துவிட்டார்களே என்பதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. பிறகு நிமிர்ந்து என் மோவாயைப் பார்த்தார். மூன்று வெட்டையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். இனி இந்தத் தெருவில் கால் வைக்காதே என்றார் அப்பா.

செல்லத்தின் கல்யாணம் நடந்தது. நன்றாகவே வாழ்ந்தாள்.

ஐந்தாறு வருஷம் கழித்து, சைதாப்பேட்டையில் ஒரு சவரக் கடையில் கோவிந்தன் கூலிக்கு நின்றுகொண்டிருந்ததைப் பார்த்தேன். சொல்லிவிடுவது என்று உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தேன். கழுத்தில் கத்தி இருந்தபோது சொல்லத் தைரியம் வரவில்லை. எடுத்த பிறகு அவசரம் தெரியவில்லை. முகத்தைத் துடைக்கும்போது அவர்தான் பேசினார்.

"அந்தக் கத்தி இன்னா ஆச்சு சாமி?"

"தூக்கிப் போட்டுட்டேன்."

"நல்லதாப் போச்சு," என்றார்.

எங்கள் வீட்டில் எது கறுத்துப்போனாலும், ரசமோ வெள்ளிப் பாத்திரமோ, அதற்குக் 'கோவிந்தன் சந்தனம்' என்று பெயர். போன தீபாவளிக்கு எல்லாரும் கூடியிருந்தபோது நடந்ததை முழுக்கச் சொன்னேன். எழுபதைத் தாண்டிய செல்லம் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "அண்ணாவாவது கத்தி தீட்டறதாவது. பென்சில் சீவத் தெரியாது," என்றாள். ஒருவரும் நம்பவில்லை.

நேற்று என் பேரன் மனைவி திரட்டுப்பாலை அடிபிடிக்க விட்டுவிட்டாள். கோவிந்தன் யார் என்றே அறியாத பெண். "தாத்தா, கோவிந்தன் சந்தனம் ஆயிடுத்து," என்று வந்து நின்றாள். வீடே சிரித்தது. பழக்கம், நானும் சிரித்துவிட்டேன்.