தேரை காத்த குணசேகரன்

உலகத் தேரைகளின் வரலாற்றை எழுதுகிறவர்கள், கறம்பக்குடிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றுக்குத் தனி அத்தியாயம் ஒதுக்கியே ஆக வேண்டும். அதற்குக் காரணமான மாமனிதர், அவ்வூர் ஊராட்சித் தலைவர் குணசேகரன்.

கடல் கடந்த மழைக்காடு ஒன்றில் அபூர்வத் தேரை இனம் அழிந்துவருவதை அவர் கைப்பேசி வீடியோவில் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. அன்று மாலை பஜ்ஜியைக்கூட ஒன்றோடு நிறுத்திக்கொண்டார்.

மறுநாளே அவசரக் கூட்டம் கூட்டினார்.

"அந்தத் தேரைக்கு நம்ம ஊர்ல ஒரு விழிப்புணர்வுப் பூங்கா கட்டணும்."

"எங்கிட்டுங்க கட்டப் போறீங்க?" என்று கேட்டார் வார்டு உறுப்பினர் கலைமதி.

"பள்ளிக்கூடத்துக்குப் பின்னாடி குட்டை சும்மாதானே கெடக்கு."

"சும்மா எங்கங்க கெடக்கு? தண்ணி நிக்கிது. அது பூராவும் தேரைதான்."

"அதெல்லாம் லோக்கல் தேரைம்மா. பாதுகாக்க அதுக்கு என்ன தகுதி இருக்கு?"

"சின்னப்பிள்ளை அக்கா கிணறு அந்தக் குட்டையாலதான் ஊறுது."

"ஒரு இனமே அழியுதுங்கிறேன். நீங்க கிணத்தப் பத்திப் பேசுறீங்க."

தீர்மானம் 'ஏகமனதாக' நிறைவேறியது. கலைமதியின் எதிர்ப்பு, 'வாழ்த்துரை' என்று பதிவானது.

லாரி லாரியாக மண் வந்து குட்டை மேடானது. மேலே டைல்ஸ், பிளாஸ்டிக் செடிகள், நடுவில் ஆளுயரப் பைபர் தேரை. குழாய் வழியாகச் செயற்கை மழை. ஒலிபெருக்கியில் தேரைச் சத்தம். குட்டையை இழந்த தேரைகள் தார் ரோட்டில் நசுங்கிக் கிடந்தன. விழாவுக்கு முன் அவற்றைக் கூட்டித் தள்ளச் சொன்னார் குணசேகரன். சுத்தம் முக்கியமல்லவா.

வெறும் குடத்தோடு வந்தாள் சின்னப்பிள்ளை.

"தலைவரே, கிணறு வத்திப்போச்சு. தக்காளிச் செடி பூராவும் காயுது."

குணசேகரனுக்கு மனம் இளகியது. "பூங்காவுல தெனமும் மழை பெய்யும்க்கா. டிக்கெட் எடுத்துட்டு வந்து பிடிச்சுக்கங்க."

திறப்பு விழாவன்று வாசலில் பிரமாண்டமான பிளக்ஸ். அண்ணாந்து பார்த்த குணசேகரனுக்கு வியர்த்துவிட்டது. மேலே, 'தேரையின் வாழிடத்தை அழித்தவர்கள் இவர்களே' என்று கொட்டை எழுத்து. கீழே கைகூப்பிச் சிரித்தபடி அவரே. சுற்றிலும் பெயர்களோடு விழாக் குழுவினர்.

"என்னப்பா அருள்மணி இது?"

பிளக்ஸ் கடை அருள்மணி பணிவாகச் சொன்னான்: "காட்டை அழிச்சவங்களத் திட்டி விழிப்புணர்வுக்கு ஒண்ணு, விழாக் குழு போட்டோவுக்கு ஒண்ணுன்னு ரெண்டு கேட்டீங்க. வாசல்ல இடம் பத்தலைங்க. சேத்து அடிச்சுட்டேன்."

கூட்டத்தில் நின்ற சின்னப்பிள்ளை, "என்னம்மா எழுதியிருக்கு?" என்று கலைமதியிடம் கேட்டாள். கலைமதி பெயர்களோடு சேர்த்து உரக்க வாசித்தார்.

சின்னப்பிள்ளை குடத்தை இடுப்பு மாற்றிக்கொண்டாள்.

"சரியாத்தானே போட்டிருக்கு. இதுக்கு ஏன் தலைவருக்கு இம்புட்டு வேர்க்குது?"