ரிமார்க்ஸ் அண்ணாச்சியின் ரோஸ் காப்பி

பொய் சொல்லி வேலையை இழந்தவர்கள் ஊருக்கு நாலு பேர் இருப்பார்கள். உண்மையைச் சொல்லிச் சொல்லியே பக்கத்தில் இருப்பவன் வேலைக்கு உலை வைத்த ஆள் இந்தப் பூமியில் ஒருத்தர்தான். அவரோடு ஒரே ஆபீசில், ஒரே ஸ்கூட்டரில் இரண்டு வருஷம் குப்பை கொட்டியவன் நான். இப்போது நினைத்தாலும் பல்லை நறநறவென்று கடிக்கத்தான் தோன்றுகிறது.

எண்பதுகளின் தொடக்கம். நான் சேர்ந்தது இந்தியா முழுக்கக் கிளை பரப்பியிருந்த ஒரு மெஷின் கம்பெனி. டைப்ரைட்டர், கால்குலேட்டர், அப்புறம் கம்ப்யூட்டர் என்று வரிசையாக விற்றார்கள். பேர் வேண்டாம், அவர்களுக்கும் சங்கடம், எனக்கும் சங்கடம். ஹெட் ஆபீஸ் பம்பாயில், ஏழு மாடி, லிஃப்ட் எல்லாம் உண்டாம். எங்கள் தென்காசிக் கிளை ஒரு வளையல் கடைக்கு மேலே ஒற்றை ரூம். ஆனாலும் ஏழு மாடிக்கு என்ன சட்டமோ அதேதான் ஒற்றை ரூமுக்கும். டை கட்ட வேண்டும். வாரம் தவறாமல் சர்க்குலர் வரும். லிஃப்டில் வாடிக்கையாளருக்கு முதலில் வழிவிட வேண்டும் என்றுகூட ஒன்று வந்தது. எங்கள் மாடிப்படியில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருத்தர் மறுபடி கீழே இறங்கியாக வேண்டும்.

அந்தக் கம்பெனிக்கு உயிர்மூச்சு சர்வீஸ் ரிப்போர்ட். மெஷினைத் தொட்டால் ஒரு ஃபாரம். மேலே வெள்ளைத் தாள், நடுவில் கார்பன், அடியில் ரோஸ் தாள். வெள்ளை கஸ்டமருக்கு, ரோஸ் ஹெட் ஆபீசுக்கு. கடைசியில் ‘ரிமார்க்ஸ்’ என்று நாலு வரி இடம். இந்தியா முழுக்க அத்தனை மெக்கானிக்குகளும் அதில் ‘ஓகே’ என்று எழுதிவிட்டு டீ குடிக்கப் போனார்கள். எங்கள் சீனியர் மட்டும் நாலு வரியும் போதாமல் ஓரத்திலும் எழுதுவார். அதனால் ரிமார்க்ஸ் அண்ணாச்சி. சொந்தப் பேர் அவர் சம்சாரத்துக்காவது ஞாபகம் இருந்ததா என்பது சந்தேகம்தான்.

நான் சேர்ந்த முதல் நாளே குற்றாலத்தில் ஒரு லாட்ஜ். சீசன் உச்சம். கால்குலேட்டரில் பட்டன் வழுக்குகிறது என்று புகார். அண்ணாச்சி பத்தே நிமிஷத்தில் சரி பண்ணிவிட்டார். கை அப்படிப்பட்ட கை. அதோடு வந்திருக்கலாமே? ரிமார்க்ஸில் தன் சொந்த ஆங்கிலத்தில் எழுதினார். தமிழில் சொன்னால் இப்படி வரும்: ‘மெஷினில் கோளாறு இல்லை. காஷியர் உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு பட்டனைத் தட்டுகிறார். முதலாளிக்குத் தெரியாமல் தினம் மூன்று தடவை அருவிக்குப் போகிறார்.’ வெள்ளைத் தாளை மரியாதையாக முதலாளி கையிலேயே கொடுத்தார். நாங்கள் ஸ்கூட்டரைக் கிளப்புவதற்குள் உள்ளே ரகளை ஆரம்பித்துவிட்டது.

“என்ன அண்ணாச்சி, அந்த மனுசன் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டியளே?”

“நான் எங்கலே போட்டேன்? எண்ணெயை அவம்லா போட்டான்.”

அடுத்த அடி எனக்கே விழுந்தது. ஒரு நாள் தாமதமாகப் போனோம். வேறு யாராக இருந்தாலும் ‘பஸ் கிடைக்கவில்லை’ என்றோ ‘பஞ்சர்’ என்றோ எழுதுவார்கள். இவர் எழுதியது: ‘ஐந்தருவியில் தண்ணீர் நன்றாக விழுந்தது. இருவரும் குளித்தோம். நான் கால் மணி நேரம். ஜூனியர் முக்கால் மணி நேரம். கூப்பிட்டும் வரவில்லை.’ பத்தாம் நாள் பம்பாயிலிருந்து இரண்டு பேருக்கும் மெமோ. அண்ணாச்சி தன்னுடையதை நிதானமாக வாசித்து, “கரெக்டாத்தான் எழுதியிருக்கான்” என்று பாராட்டி ஃபைலில் போட்டார்.

பிறகு ஒரு நாள் மெயின் அருவிப் பக்கம் ஒரு குரங்கு என் கழுத்திலிருந்த ரெடிமேட் டையைப் பிடுங்கிக்கொண்டு ஓடியது. கழுத்து தப்பியதே என்று நான் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறேன், இவர் அங்கேயே பாறையில் உட்கார்ந்து எழுதுகிறார்: ‘கம்பெனி டை ஒன்று. தற்சமயம் குரங்கிடம் உள்ளது. ஜூனியர் இருபது நிமிஷம் துரத்தினார். குரங்கு வேகமாக ஓடியது.’ டையை மீட்க என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது என்று கேட்டு ஹெட் ஆபீஸ் மூன்று கடிதம் போட்டது.

‘கஸ்டமர் திருப்தியாக இருக்கிறாரா?’ என்று ஒரு கேள்வி உண்டு. ஜவுளிக்கடை பாய் ஒருத்தருக்கு அண்ணாச்சி எழுதிய பதில்: ‘இல்லை. மகன் துபாய் போய் நாலு மாசமாகக் கடுதாசி போடவில்லை. மெஷின் நன்றாக ஓடுகிறது.’

இதையெல்லாம் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் நான் அப்போது புரொபேஷனில் இருந்தேன். கன்ஃபர்மேஷன் ஆர்டர் வந்தால்தான் வேலை நிலை. சுந்தரபாண்டியபுரத்தில் எனக்குப் பெண் பார்த்திருந்தார்கள். பெண்ணின் அப்பா ஒரே பிடியாக நின்றார்: “ஆர்டரைக் காட்டுங்க மாப்ளே, அன்னைக்கே நாள் குறிச்சிருவோம்.” எனக்கோ அந்தப் பெண்ணை அப்படிப் பிடித்துப்போயிருந்தது. தபால்காரரைக் கண்டாலே மாடிப்படி இறங்கி ஓடுவேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் சிவகிரிப் பக்கம் ஒரு மில்லுக்குக் கம்பெனி கம்ப்யூட்டர் விற்றது. எங்கள் வட்டாரத்துக்கே அதுதான் முதல். தனி ரூம், ஏ.சி., வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஒரு சனிக்கிழமை நானும் அண்ணாச்சியும் போய் அதைப் பார்த்துவிட்டு வந்தோம். ஞாயிறு முழுக்க அடைமழை. திங்கள் காலை போனால் ரூமின் ஜன்னல் திறந்து கிடக்கிறது, மெஷினுக்குள் தண்ணீர் நிற்கிறது. மில் மேனேஜர் எல்லோர் முன்னாலும் என்னைக் கை காட்டினார்: “கடேசியா ஜன்னல் பக்கம் நின்னது இந்தத் தம்பிதான்.”

நான் சாத்தினேனா? அங்கேதான் வினையே. சத்தியமாக எனக்கு ஞாபகம் இல்லை. சாத்தியிருப்பேன் என்று ஒரு மனசு. கல்யாண நினைப்பில் விட்டிருப்பாய் என்று இன்னொரு மனசு. பம்பாயிலிருந்து விசாரணைக்கு ஒரு தமிழ் அதிகாரி வருகிறார், அண்ணாச்சி தான் பார்த்ததை எழுதி உறையில் ஒட்டி வைக்க வேண்டும் என்று தந்தி வந்தது. போச்சு, எல்லாம் போச்சு என்று தலையில் கைவைத்துக்கொண்டேன்.

“அண்ணாச்சி, ஜன்னலை நான் சாத்துனேன்னு ஒரே ஒரு வரி எழுதிருங்க. ஒங்க காலைப் பிடிக்கேன்.”

“பாத்ததைத்தாம்லே எழுதுவேன்.”

“என்ன பாத்திய? அதையாவது சொல்லுங்க.”

“விசாரணை முடியுத வரைக்கும் சம்பந்தப்பட்டவன்ட்ட சொல்லக்கூடாதுன்னு சர்க்குலர் இருக்கு.”

“ஐயோ, பொண்ணு வீட்டுல கேட்டா நான் என்ன சொல்லுதது?”

“அவங்ககிட்டயும் சொல்லக்கூடாது.”

அவரை மாடிப்படியில் உருட்டிவிட்டால் என்ன என்று நிஜமாகவே யோசித்தேன். மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. அவர் எதிரே உட்கார்ந்து தயிர்சாதத்தை வழித்து வழித்துச் சாப்பிட்டார்.

அதிகாரி வந்தார். எங்கள் ஒற்றை ரூமில் நான், அண்ணாச்சி, மில் மேனேஜர் மூவரும் வரிசையாக உட்கார்ந்தோம். அதிகாரி உறையைக் கிழித்து உரக்க வாசித்தார்.

‘ஜூனியர் சோம்பேறி. ஒயர் பற்றவைக்கும் வேலை சுமார். சென்ற தீபாவளிக்கு மறுநாள் காய்ச்சல் என்று லீவு போட்டது பொய். முறைப்படி லீவு எழுதிக் கொடுத்து நானும் சினிமாவுக்குப் போயிருந்தேன். இடைவேளையில் ஜூனியர் முறுக்கு தின்றுகொண்டிருந்தார்.’

பாவி மனுஷா, இதுவா நேரம்! அங்கேயே என் கல்யாணத்துக்குக் கருமாதி ஆகிவிட்டது என்று நினைத்தேன். அதிகாரி மேலே வாசித்தார்.

‘சனிக்கிழமை மாலை நாலு ஐந்துக்கு ஜூனியர் ஜன்னலைச் சாத்தினார். கொக்கி போட்டார். ஜூனியர் மேல் நம்பிக்கை இல்லாததால் நான் ஒரு தடவை இழுத்துப் பார்த்தேன். திறக்கவில்லை. நாலு பத்துக்கு மேனேஜர் சிகரெட் பெட்டியோடு உள்ளே போனார். அதன் பிறகு நடந்தது எனக்குத் தெரியாது.’

மேனேஜர் துள்ளி எழுந்தார். “சார், கூட வேலை பாக்கவனைக் காப்பாத்தத்தான செய்வாரு! இதெல்லாம் ஒரு சாட்சியா?”

அதிகாரி பெட்டியைத் திறந்து தடிமனான ஒரு கட்டை எடுத்து மேஜை மேல் வைத்தார். அத்தனையும் ரோஸ் காப்பி.

“பதினொரு வருஷமா டீ டைம்ல இதைத்தான் நாங்க உரக்கப் படிச்சுக்கிட்டிருக்கோம். தான் அருவியில குளிச்சதையே எழுதி மெமோ வாங்கின மனுஷன் இவர். இவர் சாத்தினான்னு எழுதினா, சாத்தினான். நீங்க உட்காருங்க மிஸ்டர்.”

மேனேஜர் உட்கார்ந்துவிட்டார். அண்ணாச்சி மட்டும், “ஐந்தருவில, சார்” என்று திருத்தினார்.

அதிகாரி போனதும் நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதேன். “ஒரு வார்த்தை சொல்லியிருந்தா மூணு நாளா சோறாவது தின்னுருப்பேம்லா அண்ணாச்சி!”

“சாப்பிடாம இருன்னு நான் எங்கயும் எழுதலையேலே” என்றார்.

அடுத்த மாதம் ஆர்டர் வந்தது. தீபாவளிக் காய்ச்சலுக்கு மெமோவும் அதே உறையில் வந்தது. கல்யாணத்துக்கு வந்த அண்ணாச்சி, ரசம் நன்று, சாம்பாரில் உப்பு இல்லை என்று என் மாமனாரிடமே சொல்லிவிட்டுப் போனார்.

மறு வருஷம் எனக்குக் கோயம்புத்தூருக்கு மாற்றல். பிரிந்து போகிறவனுக்கும் ஒரு ஃபாரம் உண்டு. வெள்ளை எனக்கு, ரோஸ் ஹெட் ஆபீசுக்கு. அதை வைத்துக்கொண்டு அண்ணாச்சி காலையிலிருந்து உட்கார்ந்திருந்தார். பேனா மூடியைக் கழற்றுவார், மாட்டுவார். “பஸ்ஸு எத்தனை மணிக்குலே?” என்று நாலு தரம் கேட்டார். கடைசியில் என்னவோ எழுதி, வெள்ளைத் தாளைக் கிழித்து மடித்து என் சட்டைப் பையில் செருகினார்.

“இங்கன வச்சுப் பாக்காத. பஸ்ல போயிப் பாரு.”

கடையநல்லூர் தாண்டிப் பிரித்தேன். ரிமார்க்ஸில் ஒரே வரி: ‘ஜூனியர் போவதால் இந்த ஆபீசுக்கு ஒரு குறையும் இல்லை.’

சுருக்கென்று தைத்தது. இவ்வளவுதானா என்று தாளைத் திருப்பினேன். பின்பக்கத்தில் அதே வரி, கண்ணாடியில் தெரிகிற மாதிரி இடவலம் மாறிப் பதிந்திருந்தது. கார்பனைத் திருப்பிப் போட்டு எழுதியிருக்கிறார். அத்தனை வருஷத்தில் ஒரு நாளும் கார்பனைத் தப்பாக வைக்காத மனிதர். அடியிலிருந்த ரோஸ் தாளில் ஓர் எழுத்துகூட விழுந்திருக்காது.

அண்ணாச்சி வாழ்க்கையில் எழுதிய ஒரே பொய் அது. ஹெட் ஆபீசுக்கு அதை அனுப்ப அவருக்கு மனசு வரவில்லை. என்னிடம்தான் இருக்கிறது, பத்திரமாக.