சாணி வண்டைக் கொஞ்சம் கேவலமாப் பேசிட்டேன்

இன்னைக்கு வேலை ஒண்ணே ஒண்ணுதான். கொண்டாப்பூர் வீட்டு ஃப்ரிட்ஜ்ல இருக்குற ரெண்டு வண்டை பேகம்பேட் லேப்ல சேர்க்கணும்.

ஒண்ணு தென்னையைக் குடையுற காண்டாமிருக வண்டு. இன்னொண்ணு சாணி வண்டு. ரெண்டோட மூளையையும் எடுத்து ஒப்பிட்டுப் பாக்குறதுதான் என் ஆராய்ச்சி. சிரிக்காதீங்க, இதுக்கும் படிச்சிருக்கேன்!

பெரிய மைக்ராஸ்கோப் எனக்கு இன்னைக்கு மதியம் மட்டும்தான். விட்டா அடுத்த மாசம்.

குளிர்ல வெச்சா வண்டு தூங்கிடும். "டப்பாவைச் சுத்தி ஐஸ் வெச்சுக்குங்க"ன்னா என் மனைவி கவிதா.

"ஏசி கார்லதானே போறேன்? வண்டு விஷயத்துல எனக்கே பாடமா?"

டாக்சி வந்துச்சு. டிரைவர் இங்கயே பிறந்து வளர்ந்த தமிழர். "ஏசி நக்கோ சார், வண்டி இழுக்காது. ஜன்னலை இறக்கிக்குங்க"ன்னார். நக்கோன்னா இந்த ஊர்ல 'வேணாம்'.

மே மாச வெயில். அப்பவாவது யோசிச்சேனா? இல்ல.

"டப்பாவுல என்ன சார்?"

கேட்டதுதான் தாமதம், ஆரம்பிச்சுட்டேன். "இந்தச் சாணி வண்டு இருக்கே, சுத்த மக்கு. காலையிலயும் சாணி, ராத்திரியும் சாணி. அதுக்கு எதுக்கு மூளை? தென்னை, பனைன்னு தேடித் திங்குறாரே, இவருக்குத்தான் பெருசா இருக்கும்."

"எந்திரிச்சுடாதா சார்?"

"செத்த மாதிரி தூங்குது. பாருங்க!"

"நக்கோ சார், தொறக்காதீங்க!"

தொறந்தேன்.

பெரிய மூளைக்காரர் மல்லாந்து கிடந்தார். மக்கு ரெக்கையை விரிச்சு ஜன்னல் வழியா பறந்துடுச்சு! சிக்னல் ஓரமா எருமைங்க போட்டு வெச்சிருந்த சாணிக்குள்ள நேரா போய்ப் புகுந்துக்கிச்சு.

வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினேன். தேய்ச்ச சட்டையோட மண்டி போட்டு, வெறுங்கையால துழாவினேன்.

பைக்ல வந்த ஒருத்தர் நிறுத்தி, "என்ன தொலைஞ்சுது சார்? மோதிரமா?"ன்னார்.

"வண்டு."

பைக்கைக் கிளப்பிட்டார்.

அந்த நேரம் பார்த்து லேப் மேடம் போன். முழங்கையால ஸ்பீக்கரைத் தட்டினேன்.

"எங்கப்பா இருக்க?"

"சாணியில இருக்கேன் மேடம்."

"எதுல?"ன்னாங்க. எல்லாத்தையும் சொன்னேன்.

"மைக்ராஸ்கோப்பை அடுத்தவங்களுக்குக் குடுத்துடுறேன். ஒரே வண்டை வெச்சுக்கிட்டு எதோட ஒப்பிடுவ?"

நல்ல கேள்வி. அந்த மக்கு இந்நேரம் சாப்பிட்டு முடிச்சு நிம்மதியா இருக்கும். நான் இன்னும் கை கழுவிட்டு இருக்கேன்.