எஸ்.ஐ. மாப்பிள்ளைக்குச் சேவல் விஷயமாக எழுதுவது

அடிஅண்ணாமலை,
வைகாசி மாதம், 1982.

அன்புக்கும் இப்போது கொஞ்சம் பயத்துக்கும் உரிய மாப்பிள்ளை ராஜமாணிக்கத்துக்கு, உன் தாய்மாமன் மண்ணாங்கட்டி ஆசீர்வாதம் செய்து எழுதிக்கொண்டது. அண்ணாமலையார் புண்ணியத்தில் நானும் உன் அத்தை ஜோதியம்மாளும் கறவை மாடும் சுகம். அங்கே நீயும், உன் அம்மா தனம் அக்காளும், உனக்குப் புதிதாகக் கொடுத்த தொப்பியும் சுகமாக இருக்கிறீர்களா என்று அறிய ஆவல்.

இந்தக் கடிதத்தை யாரையும் கெஞ்சி எழுதி வாங்கவில்லை. எல்லாம் என் கை. போன வருஷம் வரை கைநாட்டாக இருந்தவன், முதியோர் பள்ளியில் சேர்ந்து இப்போது பஸ் போர்டு, சோப்புக் காகிதம், சுவர் விளம்பரம் ஒன்றையும் விடுவதில்லை. ரோட்டில் நடந்தால் ஊரே என்னிடம் பேசுகிறது. அந்தச் சந்தோஷத்தில்தான், மாப்பிள்ளை, நான் ஒரு பெரிய ஆபத்தில் போய் விழுந்தேன். அதனால் உன் எஸ்.ஐ. உத்தியோகத்துக்கே கேடு வந்துவிடுமோ என்று ஜீப் சத்தம் கேட்டால் கதவைச் சாத்திக்கொள்கிறேன். நடுவில் நடுவில் கதவைச் சாத்த எழுந்து ஓடுவதால் எழுத்து கோணலாக இருக்கும். எழுதத் தெரியாமல் இல்லை.

களத்தில் இருந்த மல்லாட்டையில், அதுதான் டவுன்காரர்கள் சொல்கிற வேர்க்கடலையில், ஒரு மூட்டையை யாரோ தூக்கிப் போய்விட்டார்கள். முன்பெல்லாம் இப்படி ஆனால் மனு எழுதித் தருகிற ஆளைத் தேடி டவுனுக்குப் போவோம். இந்தத் தடவை புகாரை நானே எழுதினேன். எழுதி முடித்துப் படித்துப் பார்த்ததும் மல்லாட்டை போன துக்கமே தெரியவில்லை. இன்னொரு மூட்டை போனால் இன்னொரு புகார் எழுதலாமே என்றுகூடத் தோன்றியது. ஸ்டேஷனுக்கு வெறுங்கையோடு போனால் நன்றாக இருக்காது என்று உன் அத்தை சிவப்புச் சேவலைப் பிடித்துக் காலைக் கட்டிக் கொடுத்தாள். பெரிய மனிதர் வீட்டுக்கு எலுமிச்சம்பழம், போலீசுக்குச் சேவல். நாங்கள் அறிந்த மரியாதை இவ்வளவுதான். அதற்கு லஞ்சம் என்று பெயர் இருப்பது அன்றைக்கு என் புத்தியில் ஏறவில்லை.

செங்கம் ரோட்டில் ஏறி டவுனைப் பார்த்து நடந்தேன். ஆசிரமத்துக்கு இந்தப் பக்கம், வெகு காலமாகப் பூட்டிக் கிடந்த நெல் மில்லில் பளபளவென்று புது போர்டு. நின்று எழுத்துக் கூட்டினேன். காவல் நிலையம் என்று வந்தது. இன்னொரு தடவை கூட்டினேன், மாறவில்லை. நம்மை அவ்வளவு தூரம் நடக்கவிடக் கூடாது என்று அரசாங்கமே இங்கே ஒன்று திறந்துவிட்டது என்று மகிழ்ந்து போனேன். வாசலில் கயிறு கட்டி வைத்திருக்க, திருவிழாக் கூட்டம். இத்தனை பேர் புகார் கொடுத்து முடிய சாயங்காலம் ஆகிவிடும் என்று, பின்பக்கம் உமி கொட்டுகிற சந்து வழியாக நுழைந்தேன்.

உள்ளே பட்டப்பகலில் பானை பானை அளவில் விளக்குகள் எரிகின்றன. நம் கிணற்று மோட்டாருக்கு வராத கரண்டு எங்கே போகிறது என்று அன்றைக்குத் தெரிந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் மீசையும் தொப்பையுமாக ஒரு இன்ஸ்பெக்டர். எதிரில், உன்னைப் போலவே ஒல்லியாக, உன்னைப் போலவே விறைப்பாக ஒரு புது எஸ்.ஐ. பெரியவர் சின்னவரை வாங்கு வாங்கு என்று வாங்குகிறார். வர்றதை எல்லாரும் பங்கு போட்டுக்கிறோம், நீ மட்டும் என்ன பெரிய யோக்கியனா என்று கேட்கிறார். அந்தப் பிள்ளை உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்கிறது. எனக்கு உன் முகம்தான் தெரிந்தது. மனசு கேட்காமல் நடுவில் போய், சேவலை மேசை மேல் வைத்து, புகாரையும் வைத்தேன்.

"ஐயா, கோவப்படாதீங்க. சின்னப் பிள்ளை, போகப் போகக் கத்துக்கும்" என்றேன்.

இன்ஸ்பெக்டர் ஒரு கணம் திகைத்து வேறு எங்கோ பார்த்தார். பிறகு சேவலைத் தூக்கி எடை பார்த்தார். "பாத்தியா? பெரியவருக்குத் தெரிஞ்ச மரியாதை உனக்குத் தெரியல" என்றார்.

அந்தப் பிள்ளை என் புகாரை எடுத்து, முதலிலிருந்து கடைசி வரை, ஒரு இடத்தில்கூடத் தடுமாறாமல் படித்தது. மாப்பிள்ளை, நான் எழுதியதை ஒரு போலீஸ் அதிகாரி வாய்விட்டுப் படிக்கிறார். அந்த நிமிஷம் எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. படித்துவிட்டு இன்ஸ்பெக்டர் கையிலிருந்து சேவலைப் பிடுங்கி, கால் கயிற்றை அவிழ்த்து, என் கையில் கொடுத்தது.

"வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க, பெரியவரே. புகாரை வாங்கறதுக்கு எங்களுக்குச் சம்பளம் கொடுக்கறாங்க."

இன்ஸ்பெக்டர் துப்பாக்கியை எடுத்தார். டுமீல் என்றது. அந்தப் பிள்ளை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தது, சட்டையெல்லாம் ரத்தம். சேவல் பறந்து விளக்கின் மேல் உட்கார்ந்தது. நான் இன்ஸ்பெக்டர் காலில் விழுந்து, என் மாப்பிள்ளையும் இதே உத்தியோகம்தான் சாமி, ராஜமாணிக்கம்னு பேரு, அவனையாவது விட்டுடுங்க என்று உன் ஸ்டேஷன் பெயர் வரைக்கும் சொல்லிக் கதறினேன். யாரோ "கட்" என்று கத்தினார்கள். செத்தவர் எழுந்து டீ கேட்டார்.

சினிமா ஷூட்டிங்காம். போலீஸில் நடக்கிற அக்கிரமத்தைப் பற்றிய படமாம். புது எஸ்.ஐ. லஞ்சம் வாங்க மறுத்துச் சாகிறாராம். மன்னிப்புக் கேட்டு, சேவலைப் பிடித்துக்கொண்டு நழுவப் பார்த்தேன். டைரக்டர் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ரீல் ஓடிட்டேதான் இருந்துச்சு, பெரியவரே. நீங்க கொடுத்த மாதிரி எந்த நடிகனும் கொடுக்க மாட்டான். அப்படியே வெச்சுக்கறேன்."

பெருமையாக வீட்டுக்கு வந்து சொன்னேன். உன் அத்தை முறத்தைக் கீழே வைத்துவிட்டு ஒரு கேள்வி கேட்டாள்.

"உன் மாப்பிள்ளையோட மேலதிகாரி சினிமாவுக்கே போகமாட்டாரா?"

அன்றையிலிருந்து சோறு இறங்கவில்லை. ஒவ்வொரு கொட்டகையிலும் உன் மாமன் லஞ்சம் கொடுக்கப் போகிறான், உன் பெயரையும் சொல்லப் போகிறான். கொடுக்கிறவனோட மாப்பிள்ளை வாங்குகிறவனாகத்தானே இருப்பான் என்று உன் மேலதிகாரி நினைத்தால் உன் வேலை என்ன ஆவது? வாங்காதவன் என்று உன்னை நம்பிவிட்டால் அதைவிடப் பயமாக இருக்கிறது. அந்தப் பிள்ளை சாய்ந்தது கண்ணைவிட்டுப் போகவில்லை. எல்லோருக்கும் டீ கொடுத்து எழுப்பிவிடுவார்களா? அதனால் நேர்மையாக இரு, ஆனால் சுடப்படாமல் இரு. இரண்டையும் சேர்த்துச் செய்ய டிரெயினிங்கில் ஏதாவது வழி சொல்லிக் கொடுத்தார்களா என்று உடனே எழுது.

என்னால் முடிந்ததைச் செய்துவிட்டேன். என் மாப்பிள்ளையின் நன்மையை உத்தேசித்து என்னைப் படத்திலிருந்து நீக்க வேண்டும் என்று மனு எழுதி, டைரக்டர் தங்கியிருக்கும் லாட்ஜில் கொடுத்திருக்கிறேன். பதில் வரும்வரை நீ யூனிபாரத்தோடு இந்தப் பக்கம் தலைகாட்டாதே. என்னை மாமன் என்று யாரிடமும் சொல்லாதே. மல்லாட்டை போனது போகட்டும். நிஜ ஸ்டேஷனுக்குப் போகவும் தைரியம் இல்லை, எந்தத் துப்பாக்கி நிஜம் என்று எனக்குத் தெரியாது.

கார்த்திகை தீபம் எவ்வளவு தூரத்துக்குத் தெரியுமோ அவ்வளவு தூரத்துக்கு உன் பக்கம் ஒரு தீங்கும் அண்டாமல் அண்ணாமலையார் பார்த்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு, தன் கையாலேயே கையெழுத்துப் போடும் உன் மாமன்,
மண்ணாங்கட்டி.

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப் போகும்போது டைரக்டரின் ஆள் வந்தான். மனுவைப் படித்தார்களாம். நியாயம்தான் என்று பட்டதாம். என்னையும் சேவலையும் மொத்தமாக வெட்டிவிடுகிறார்களாம். நான் எழுதிய முதல் மனுவே ஜெயித்துவிட்டது, மாப்பிள்ளை. ஆனால் ஜெயிக்காமலே இருந்திருக்கலாம் என்று இருக்கிறது. ஊர் முழுக்க உன் அத்தை சொல்லிவைத்துவிட்டாள். முதியோர் பள்ளியே வண்டி கட்டிக்கொண்டு படம் பார்க்கப் போவதாக இருக்கிறது. என் புகாரை அந்தப் பிள்ளை படிக்கிற இடமும் போய்விடுமாம். ஆகையால் மேலே எழுதியது எதையும் மனதில் வைக்காதே. இதைக் கண்டதும் யூனிபாரம், பெல்ட், தொப்பி எல்லாம் போட்டுக்கொண்டு லாட்ஜுக்கு வந்து, வெட்டக் கூடாது என்று ஒரு அதட்டல் போடு. உன்னைச் சும்மா செய்யச் சொல்லவில்லை. சிவப்புச் சேவலை உனக்காகவே கட்டி வைத்திருக்கிறேன்.